அத்தி மரமும் மூடியில்லாத சங்கும்

அந்தக் காலத்தில் கடலுக்கு ஞாபகம் அதிகம். மரமும் மீனும் நண்டும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரையும் விட அதிகமாகப் பேசியது கடல்தான். தினமும் வற்றத்தின்போது அது கரையை விட்டு வெகுதூரம் உள்ளே போகும். போகும்போது நண்டு, சிப்பி, சங்கு, நட்சத்திர மீன் என்று தன் பிள்ளைகளை மணலில் விட்டுவிட்டுப் போகும். ஏற்றத்தின்போது திரும்பி வந்து ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடும். "இருக்கேன் ஆத்தா" என்று பதில் சொன்னவரை ஓர் அலை வந்து அள்ளிக்கொள்ளும்.

பேர் இல்லாதவரைக் கடல் கூப்பிடாது. அதற்குக் கல்நெஞ்சு என்று சொல்லிவிட முடியாது. எப்படிக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அப்படி விடுபட்டவர் மணலிலேயே கிடந்து, வெயில் ஏற ஏறக் காய்ந்து, வெறும் ஓடாகிவிடுவார். இரக்கப்பட்டு யாராவது தூக்கித் தண்ணீரில் போட்டாலும் பிரயோசனம் இல்லை. தெரியாத முகம் என்று கடல் மறுபடி கரையிலேயே கொண்டுவந்து தள்ளிவிடும். ஆகவே அந்தக் கரையில் பேர் என்பது விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை.

பேர் வைக்கும் பொறுப்பு ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் இருந்தது. புருஷன் நம்புராசன், பெண்டாட்டி செல்லாத்தா. நகர்கிற உயிர்களுக்கெல்லாம் அவன் பேர் வைப்பான். நிற்கிற உயிர்களுக்கெல்லாம் அவள் பேர் வைப்பாள். நம்புராசன் அவசரக்காரன். எதையும் துரத்திக்கொண்டே ஓடிப் பேர் வைப்பான். நண்டுக்குப் பேர் வைத்த அன்றைக்குப் பக்கவாட்டிலேயே ஓடி, நாலு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். செல்லாத்தா நிதானக்காரி. ஒரு செடிக்குப் பேர் வைக்க வேண்டுமானால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது பூத்துக் காய்க்கும்வரை காத்திருப்பாள். நெருஞ்சிக்கு மட்டும் சட்டென்று வைத்துவிட்டாள், ஏனென்றால் பார்க்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பேர்களை அவர்கள் ஒரு நீளமான பனைநார்க் கயிற்றில் முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பேருக்கு ஒரு முடிச்சு. கயிற்றின் நடுவில் தொடங்கி நம்புராசன் கிழக்கு நுனியை நோக்கி முடிந்துகொண்டே போனான். செல்லாத்தா மேற்கு நுனியை நோக்கி முடிந்துகொண்டே போனாள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் நம்புராசன் கிழக்கு நுனியைக் கடலில் நனைப்பான். கடல் கயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் தன் பிள்ளைகளின் பேர்களைச் சொல்லும்.

கயிற்றுக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, ஒரு பேர் ஒருவருக்குத்தான். வைத்த பேரையே மறுபடி முடிந்தால் இரண்டு முடிச்சுமே கழன்றுவிடும். இன்னொன்று, எதைக் கண்டு பேர் வைத்தார்களோ அது போய்விட்டால் அந்தப் பேரும் போய்விடும். புதுப் பேர் வைக்க வேண்டுமென்றால் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தடவி முடிக்கவே மூன்று நாள் ஆகும்.

இனி சங்கின் கதைக்கு வருவோம். மெல்லிய ஓடும் நீண்ட வாலுமாக ஒரு சங்கு அந்தக் கடலில் இருந்தது. அதன் வாசலில் தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு மூடி. உள்ளே போய் மூடியை இழுத்துக்கொண்டால் நண்டு என்ன, நண்டின் பாட்டனே வந்தாலும் திறக்க முடியாது. அந்த மூடியைப் பார்த்துத்தான் நம்புராசன் அதற்கு மூடியன் என்று பேர் வைத்திருந்தான். மூடியனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆறு கடலில் சேருகிற இடத்தில், கரையோரமாக ஓர் அத்தி மரம் நின்றது. வற்றத்தின்போது மூடியன் மெல்ல ஊர்ந்து வந்து அதன் நிழலில் கிடப்பான். அவன் கடலடியில் பார்த்ததைச் சொல்வான். அத்தி தன் உச்சிக் கிளையிலிருந்து பார்த்ததைச் சொல்லும். ஒருவர் போகாத இடத்துக்கு மற்றவர் போய் வந்ததுபோல இருவருக்கும் பொழுது போகும். அவன் அதை அக்கா என்பான், அது அவனைத் தம்பி என்னும்.

ஒருநாள் அத்தி பேசவே இல்லை.

"என்னக்கா, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?" என்று மூடியன் கேட்டான்.

"என்னத்தப் பேசச் சொல்ற தம்பி. மேல பாரு."

மூடியன் பார்த்தான். அந்தக் காலத்தில் அத்தி எல்லா மரங்களையும் போல வெளியில்தான் பூக்கும். அடிமரத்திலிருந்து கிளை வரை கொத்துக் கொத்தாகச் செம்பூ. முதல் நாள் வரை அப்படித்தான் இருந்தது. இப்போது எல்லாம் கருகித் தொங்கியது.

"கடல் காத்து அடிச்சிருச்சு. உப்பை வாரி வாரிப் பூவுல எறியுது. ஏழு வருசமா இதே கதை. பூக்குறதோட சரி, ஒத்தக் காய் நிக்கல."

"அடுத்த வருசம் நிக்கும்க்கா."

"அடுத்த வருசம் வரைக்கும் நான் நிக்கணுமே தம்பி. வேர் பாதி செத்துப்போச்சு. என் இனத்துல இந்தக் கரையில வேற யாரும் இல்ல. நான் போனா அத்தின்னு ஒண்ணு இருந்துச்சான்னு கேக்கக்கூட ஆள் இருக்காது. இன்னும் ஒரே ஒரு கொத்து மொட்டு பாக்கி இருக்கு. நாளைக்கு மலரும். நாளைக்கே கருகும்."

மூடியன் மரத்தை நெருங்கி ஊர்ந்தான். அக்காவின் அடிமரத்தில், தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், அந்தக் கடைசிக் கொத்து இருப்பதைப் பார்த்தான். வெகுநேரம் யோசித்தான். பிறகு அடிமரத்தில் ஏற ஆரம்பித்தான். சங்கு மரம் ஏறுவதென்றால் லேசான காரியமா? இரண்டு தடவை விழுந்தான். மூன்றாம் தடவை ஏறிவிட்டான்.

"டேய், என்ன பண்றே?"

"அக்கா, காத்து அடிச்சா நான் என்ன செய்வேன்? உள்ள போயி மூடிய இழுத்துக்குவேன். நீயும் அதையே செய்யேன். பூவை உள்பக்கமா மடி. வெளிய என் மூடியப் போட்டுக்க."

"மூடியில்லாம நீ என்னடா செய்வ?"

"கொஞ்சம் வேகமா ஓடுவேன்," என்றான் மூடியன். அவனுடைய வேகம் எப்படிப்பட்டது என்று அத்திக்குத் தெரியும். அது சிரித்தது, அழவும் செய்தது. அது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் மூடியைக் கழற்றி மொட்டின் மேல் வைத்துவிட்டான்.

பூங்கொத்து தயங்கித் தயங்கி உள்பக்கமாக மடிந்தது. எந்த வடிவத்தில் மடிவது என்று அதற்குத் தெரியவில்லை. எதிரே இருந்த சங்கைப் பார்த்து அதே வடிவத்தில் குண்டாக உருண்டு, காம்புப் பக்கம் ஒடுங்கிக்கொண்டது. மூடி அதன் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரத்தில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்தின் வழியாக ஒரு சின்னக் குளவி நுழைந்து பூவை விசாரிக்கப் போனது. மரம் மனிதர்களைப் போல இல்லை. ஒரு கிளை கற்றுக்கொண்டது அடுத்த கணமே எல்லாக் கிளைக்கும் தெரிந்துவிடும். இனி எப்படிப் பூக்க வேண்டும் என்று அத்தி முழுவதற்கும் புரிந்துபோயிற்று.

அதே நேரத்தில், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் கயிற்றை நனைக்கப் புறப்பட்ட நம்புராசனின் கையில் ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்தது. அவன் திடுக்கிட்டுப் போய்த் தடவிப் பார்த்தான். மூடியன் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கயிற்றை அப்படியே தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு கரையெல்லாம் தேடி ஓடினான். பின்னாலேயே, மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்கக்கூட மறந்து, செல்லாத்தா ஓடினாள்.

அத்தியிலிருந்து இறங்கி மரத்தடியில் கிடந்த சங்கைப் பார்த்ததும் நம்புராசனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அட கூறு கெட்டவனே! மூடி எங்கடா?"

"அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? மூடிக்காகத்தானடா உனக்கு அந்தப் பேரு! மூடி போனா பேரும் போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஏத்தம் வந்துரும். ஆத்தா உன்னை என்னன்னு கூப்பிடுவா?"

 சங்கு அந்தச் சட்டத்தை அடியோடு மறந்திருந்தது. தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை திரும்பி வருவது தெரிந்தது. உச்சி வெயில் சுட்டது. இழுத்துக்கொள்ள மூடி இல்லாததால் வெயில் நேராக அதன் உடம்பில் பட்டது. இப்போதுதான் அதற்குப் பயம் வந்தது.

"ஏதாச்சும் புதுப் பேர் வைங்களேன்," என்றாள் செல்லாத்தா.

"கயித்தைத் தடவவே மூணு நாளாகும். மூணு நாள் இவன் தாங்குவானா? தடவாம வச்சு, அது வேற எவனோட பேராவோ இருந்தா ரெண்டு பேரும் காலி."

அப்போது அத்தி பேசியது. "என் பேரை எடுத்து அவனுக்குக் குடுங்க."

"அப்புறம் உனக்கு?"

"எனக்கு எதுக்கு? நான் எங்க போகப்போறேன்?"

"கிறுக்கு மாதிரிப் பேசாத," என்றாள் செல்லாத்தா. "அத்தி எங்கன்னு கேட்டுத்தான் குருவி வரும், குளவி வரும். பேர் இல்லாத மரத்துக்கு எது வரும்? காய்க்க வழி பொறந்த அன்னைக்கே பட்டுப்போகணுமா நீ?" பிறகு புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டு பேருக்கும் அதே பேர் இருக்கட்டுமே."

"சட்டம் இருக்குல்ல?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

நம்புராசன் முணுமுணுத்துக்கொண்டே தன் பக்கத்துக் கயிற்றில் அத்தி என்று முடிந்தான். முடிச்சு ஒரு கணம் நின்றது. உடனே செல்லாத்தாவின் பக்கத்தில் இருந்த அத்தி முடிச்சு நடுங்கி நெகிழத் தொடங்கியது. மரத்திலிருந்து இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. நம்புராசன் பதறிப்போய்த் தான் போட்டதைப் பிரித்தான். நெகிழ்ந்த முடிச்சு மெல்ல இறுகியது.

"பாத்தியா? ஒரு கயித்துல ஒரே பேர் ரெண்டு தடவை நிக்காது. அதோட, அத்தின்னு ஆத்தா கூப்பிட்டா யார் போறது? குழப்பம் வராதா?"

செல்லாத்தா மரத்தையும் சங்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிதானமாகவே சொன்னாள். "என்ன குழப்பம்? கூப்பிட்டா வர்றது அவன். தேடிப் போனா இருக்கிறது அவ. மரத்தை யாரும் வான்னு கூப்பிட மாட்டாங்க. சங்கை யாரும் நட்டு வச்ச எடத்துல தேட மாட்டாங்க. நிக்கிறதும் நகர்றதும் எப்பவுமே வேற வேற. அதுகளை ஒரே கயித்துல கட்டினது நம்ம தப்புதான்."

"இருக்கலாம். அதுக்கு இப்ப என்ன பண்ண?"

செல்லாத்தா கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"வேணாம் புள்ள!" என்று நம்புராசன் அலறினான். கயிறு அறுந்தால் அதிலிருக்கும் பேரெல்லாம் கழன்று விழுந்துவிடும், உலகத்தில் யாருக்கும் யாரையும் தெரியாமல் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். "ஒரு சங்குக்காக எல்லாப் பேரையும் பணயம் வைக்கிறியா?"

"ஒரு சங்கை விட்டுட்டு அப்புறம் யாருக்குப் பேர் வச்சு என்ன?" என்றாள் செல்லாத்தா. "அறுந்த எடத்தை உடனே இறுக்கி முடிஞ்சா நிக்கும். நான் என் பக்கத்தைப் புடிச்சுக்கிறேன். நீங்க உங்க பக்கத்தைப் புடிங்க."   அவள் நடுக்கயிற்றை மரத்தின் வேர் மேல் வைத்து ஒரே போடாகப் போட்டாள்.

கயிறு இரண்டானது. ஓடிக்கொண்டிருந்த எறும்பு வரிசை அப்படியே நின்றது. தாங்கள் யார் என்று அவற்றுக்கு மறந்துவிட்டது, ஏனென்றால் நம்புராசன் முதன்முதலில் பேர் வைத்தது எறும்புக்குத்தான், அதன் முடிச்சுதான் நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் புல் வெளிறியது. செல்லாத்தா முதலில் பேர் வைத்தது புல்லுக்கு. அவள் தன் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிந்துவிட்டாள். புல் பச்சையானது. நம்புராசனோ வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எறும்பு போய், அடுத்து ஈயின் முடிச்சு அவிழ ஆரம்பித்தது.

"முடிங்க! மசமசன்னு நிக்காதீங்க, முடிங்க!"

அந்த ஒரு தடவை அவனுடைய அவசரம் உலகத்துக்கு உதவியது. மின்னல் வேகத்தில் ஈயை இறுக்கினான், எறும்பைத் திரும்ப முடிந்தான், நுனியில் யாரும் அவிழ்க்க முடியாத ஒரு கட்டுக் கட்டினான். எறும்புகள் ஒன்றையொன்று முட்டிப் பார்த்து, நீ எறும்பு, நானும் எறும்பு என்று உறுதி செய்துகொண்டு மறுபடி நடந்தன.

அலை ஐம்பது முழத் தூரத்துக்கு வந்துவிட்டது. கடல் கூப்பிடத் தொடங்கிவிட்டது. "நண்டே!" "இருக்கேன் ஆத்தா!" "சிப்பியே!" "இருக்கேன் ஆத்தா!"

நம்புராசன் தன் கயிற்றின் கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் அத்தி என்று ஒரு புது முடிச்சுப் போட்டான். கையை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மெல்ல ஒரு விரலை எடுத்தான். பிறகு இன்னொன்றை. முடிச்சு நின்றது. செல்லாத்தா தன் கயிற்றைப் பார்த்தாள். அவளுடைய அத்தியும் அசையாமல் நின்றது. மரத்திலிருந்து ஓர் இலைகூட விழவில்லை.

பேர் வைத்தால் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். சங்குக்குக் காது ஏது? முன்பு மூடியன் என்று வைத்தபோது நம்புராசன் மூடிக்கு வெளியே நின்று கத்தியிருந்தான். இப்போது மணலில் குப்புறப் படுத்து, திறந்து கிடந்த வாசலில் வாயை வைத்து, "அத்தி, அத்தி, அத்தி," என்றான். தடுக்க எதுவும் இல்லாததால் பேர் நேரே உள்ளே போய்விட்டது. பிறகு எழுந்து ஓடிக் கயிற்றின் நுனியைக் கடலில் நனைத்தான்.

கடல் நட்சத்திர மீனைக் கூப்பிட்டது. ஆமைக் குஞ்சைக் கூப்பிட்டது. பிறகு கொஞ்சம் நிறுத்தியது.  கடல் கயிற்றை இன்னொரு தடவை தடவுவது நம்புராசனின் கைக்குத் தெரிந்தது.

"அத்தியே!" என்று கடல் கூப்பிட்டது.

பழக்க தோஷத்தில் மரம் சலசலத்தது. ஆனால் அதனால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அதன் காலடியிலிருந்து ஒரு சின்னக் குரல்தான் கேட்டது. "இருக்கேன் ஆத்தா! இங்கதான் இருக்கேன்!"

அலை வேர் வரைக்கும் ஏறி வந்தது. சங்கை அள்ளிக்கொண்டது. செல்லாத்தா அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நம்புராசன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "இனிமே ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன் பேரைக் கேட்டு வந்து நிப்பான், பாத்துக்க," என்றான்.

"வரட்டுமே. உங்க கயித்துல ஒரு தடவை, எங் கயித்துல ஒரு தடவை. அதுக்கு மேல கேட்டா ரெண்டு பேருமா சேந்து விரட்டிருவோம்."

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெரிய வற்றத்தின்போது சங்கு ஊர்ந்து வந்தது. அத்தி மரத்தைப் பார்த்துவிட்டு வாசல் திறந்தபடியே நின்றது. அடிமரம் முழுக்க, கிளை முழுக்க, குண்டு குண்டாகக் காய்கள். சில சிவந்திருந்தன. குருவிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்றன. அக்கரையில் அவை போட்ட எச்சத்திலிருந்து இரண்டு அத்திக் கன்றுகள் தலைகாட்டியிருந்தன.

"என்னக்கா இது? என்னையே நூறு தடவை செஞ்சு தொங்கவிட்டிருக்கே?"

"வேற எந்த உருவம்டா எனக்குத் தெரியும்?" என்றது அத்தி.

அன்று முதல்தான் அத்தி பூப்பதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அது பூவை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. அன்று முதல்தான் அத்திக்காயின் வடிவில் இருக்கும் அந்தச் சங்குக்கு வாசலில் மூடி கிடையாது. உயிர்களுக்கெல்லாம் பேர் எழுதி வைக்கும் படித்தவர்களும் அன்று முதல்தான் நிற்பவற்றுக்கு ஓர் ஏடு, நகர்பவற்றுக்கு ஓர் ஏடு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஓர் ஏட்டில் அந்த மரமும் இன்னோர் ஏட்டில் அந்தச் சங்கும் அத்தி என்று பொருள்படும் ஒரே பேரில் இருக்கின்றன, இன்றுவரை யாரும் ஒன்றுக்காக இன்னொன்றை அடித்து நீக்கியதில்லை.